மத்தியானத்தைக் காலியாக விட்ட பயணம்

ஞாயிறு, திருச்சி

வியாழன் நள்ளிரவு தாண்டி விமானம். அதற்குள் அக்காவின் நோட்டைச் சுருக்க வேண்டும்.

மலேசியா போகலாம் என்று முடிவானதுமே அக்கா ஒரு நோட்டைத் திறந்துவிட்டாள். இரட்டைக் கோபுரம், பத்துமலை, கெந்திங், கேமரன் மலை, மலாக்கா, லங்காவி, பினாங்கு, நேரமிருந்தால் சிங்கப்பூர். எல்லாம் ஒரே வாரத்தில். "இவ்வளவு காசு குடுத்துப் போறோம், எல்லாத்தையும் பாத்துட்டு வந்துடணும்டி" என்பது அவள் கட்சி. இரண்டே ஊர், அதற்கு மேல் கிடையாது என்பது என் கட்சி. தைப்பிங், அப்புறம் பினாங்கு. பிள்ளைகளும் வீட்டுக்காரர்களும் இல்லாமல் சும்மா இருந்துவிட்டு வரத்தான் கிளம்புகிறோம், லிஸ்ட் போட்டு அலைய அல்ல.

"திருச்சியில பொறந்துட்டு வெயிலுக்குப் பயப்படுறியா?" என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டாகிவிட்டது. நியாயமான கேள்விதான். ஜூன் மாதத்தில் இங்கே 37, 38 டிகிரி சாதாரணம். பினாங்கில் பகல் வெப்பம் 32ஐ ஒட்டித்தான். ஆனால் இங்கே இந்த மாதம் காற்று வாரி அடிக்கிறது, வேர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடுகிறது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அங்கே காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும், வேர்வைக்குப் போக இடமில்லை. அப்படியே வழியும், உடம்பு குளிராது. அதனால் 32 டிகிரியில் ஒரு கிலோமீட்டர் நடப்பது இங்கே 37இல் நடப்பதைவிட ஆளைச் சோரவைக்கும். இரவிலும் 24, 25 டிகிரிக்குத்தான் இறங்கும்.

இன்னொன்று கடிகாரம். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 அன்று தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, போர்னியோ தீவிலுள்ள தன் மாநிலங்களான சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஆனால் பினாங்கு நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. அதனால் ஜூனில் அங்கே பொழுது விடிவதே ஏழு மணிக்கு மேல். சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஒன்றேகாலைத் தாண்டியிருக்கும், மறையும்போது ஏழரை. நம் ஊர் பத்து மணி வெயில் அங்கே பதினொரு மணிக்கு. நம் ஊர் நாலு மணி வெயில் அங்கே ஐந்து மணிக்கு. "நாலு மணிக்கு வெயில் தாழ்ந்துடும்" என்று கிளம்பினால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இந்த இரண்டையும் வைத்து நான் போட்ட திட்டம் இது: காலை ஏழிலிருந்து பதினொன்றுக்குள் ஒரு காரியம், மாலை ஐந்துக்கு மேல் ஒரு காரியம். நடுவில் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் சாப்பாடு, குளியல், தூக்கம். அக்கா நோட்டை மூடிவிட்டு, "அப்ப பாதி நாள் தூங்கவா டிக்கெட் எடுத்தோம்?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் ஜூன் என்று கேட்பவர்களுக்கு: மலேசியாவில் கோடை, குளிர் என்று கிடையாது, மழை மட்டும்தான் இடம் மாறும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையைத்தான் போட்டு வாங்கும். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் கடையெல்லாம் மூடிவிடுவார்கள். மேற்குக் கரைக்கு மழை அதிகம் ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பரிலிருந்து நவம்பர். நடுவில் இருக்கும் ஜூன் பரவாயில்லை. அதோடு பினாங்கில் டுரியான் காய்க்கும் காலம் (பலா போல முள்தோல் உள்ள, வாசனை தூக்கியடிக்கும் பழம்). அக்காவிடம் டுரியானைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

பேப்பர் வேலை அதிகமில்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு முப்பது நாள் வரை விசா வேண்டாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். கிளம்புமுன் சலுகை அமலில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வருகை அட்டையை இறங்குவதற்கு மூன்று நாளைக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளங்களிலிருந்து விலகிக்கொள்ளவும்.

பெட்டிக்குள் போனவை: மெல்லிய பருத்தி உடுப்பு, ஒரு நாளைக்கு இரண்டு வீதம் (காலையில் போட்டதை மாலையில் போட முடியாது). ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது. வேர்க்குரு பவுடர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கொசுவுக்குத் தடவும் களிம்பு (டெங்கு அங்கே வருஷம் முழுக்க உண்டு), ஆளுக்கொரு குடை, சதுரமான மூன்று முள் கொண்ட பிளக்குக்கு அடாப்டர். இதோடு ஒரு கம்பளிச் சால்வை. "கொதிக்கிற ஊருக்குக் கம்பளியா?" என்றாள். ரயிலில் தெரியும் என்றேன்.

வெள்ளி, ரயிலிலும் தைப்பிங்கிலும்

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் நாலு மணி நேரம். விடிகாலையில் இறங்கி, விமான நிலைய ரயிலில் அரை மணியில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து வடக்கே போகும் இடிஎஸ் ரயில். மின்சார ரயில், மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போகும். கோலாலம்பூரைப் பார்க்காமல் தாண்டியதில் அக்காவுக்கு வருத்தம். இரட்டைக் கோபுரத்தை ஜன்னல் வழியாகக் காட்டிச் சமாதானம் செய்யப் பார்த்தேன். கட்டடம் ஏதோ மறைத்தது.

ரயிலுக்குள் குளிர் பல்லைக் கிட்டவைத்தது. பழகிய உள்ளூர்க்காரர்கள் ஏறியதுமே ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். அக்கா ஒன்றும் பேசாமல் கையை நீட்டினாள், சால்வையைக் கொடுத்தேன். இது கிண்டலுக்குரிய விஷயமில்லை. வெளியே வேர்த்து வழிந்துவிட்டு ஈரத் துணியோடு இந்தக் குளிரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் நடுங்கிப்போவோம்.

ஈப்போ வந்ததும் சுண்ணாம்புக் குன்றுகள் தொடங்குகின்றன. கோலா கங்சார் தாண்டிப் பெரிய குகைப்பாதை ஒன்று, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளம். உள்ளே போகும்போது வெயில், வெளியே வரும்போது மழை. குகைக்கு அந்தப் பக்கம்தான் தைப்பிங்.

தங்குமிடத்தில் அறை தயாராக இல்லை. மூன்று மணி வரை கூடத்தில் உட்காரச் சொன்னார்கள், அங்கே மின்விசிறியும் ஓடவில்லை. பக்கத்திலிருந்த சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். "பசியாறியாச்சா?" என்று கேட்டார் கடைக்கார அம்மா, எங்களை ஏதோ தினமும் பார்ப்பவர் போல. தாத்தா முசிறிப் பக்கமிருந்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தவராம். இட்லியும் ரசமும் கொடுத்துவிட்டு, "தே ஓ ஆயிஸ் குடிங்க, சீனி இல்லாம" என்றார். பால் இல்லாத தேநீர், டம்ளர் நிறைய ஐஸ். "ரெண்டும் சேத்து ரெண்டு வெள்ளி அம்பது காசு." வெள்ளி என்றால் ரிங்கிட். ஒரு வெள்ளியை 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

அப்புறம் தூங்கினோம். எழுந்தபோது ஏழு மணி, வெளியே இன்னும் வெளிச்சம்.

சனி, தைப்பிங்

தைப்பிங் ஏரிப் பூங்காவுக்காக மட்டுமே இந்த ஊருக்கு வரலாம். ஏழேகாலுக்கு அங்கே இருந்தோம், சூரியன் அப்போதுதான் மலைக்குப் பின்னாலிருந்து எழுந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், ஒரு சீனக் கூட்டம் கையை மெதுவாக வீசி உடற்பயிற்சி செய்கிறது.

இது ஒரு காலத்தில் வெள்ளீயச் சுரங்கம். தோண்டித் தோண்டிப் பாழான பள்ளங்களில் தண்ணீர் நிரம்பிக் கிடந்ததை 1880இல் பூங்காவாக மாற்றினார்கள். மலாயாவின் முதல் பொதுப் பூங்கா இதுதான். கரையோரம் வைத்த தூங்குமூஞ்சி மரங்கள் இன்றைக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயதானவை. நம் ஊரில் ரயில்வே காலனியிலும் கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் நிற்குமே, அதே மரம். அங்கே நேராக நிற்பது இங்கே படுத்துவிட்டது. சாலைக்கு இந்தப் பக்கம் வேர், கிளைகள் சாலையைக் குறுக்கே தாண்டிப் போய் அந்தப் பக்கம் ஏரித் தண்ணீரைத் தொடுகின்றன. அடியில் நடந்தால் வானம் தெரியாது. கிளை முழுக்கப் பாசியும் பெரணியும். வெயில் அந்தச் சாலையில் விழுவதே இல்லை. ஒன்பதரை வரை நடந்துவிட்டுப் பார்க்கிறேன், சட்டை நனையவில்லை. வந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

ஏரியைத் தாண்டிப் போனால் போர்க் கல்லறை. இரண்டாம் உலகப் போரில் மலாயாவில் இறந்தவர்கள், இந்தியப் படையினரும் பலர். அக்கா ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டு போனாள். பெயர் தெரியாதவர்களின் கல்தான் அதிகம். பதினொன்றுக்குத் திரும்பிவிட்டோம்.

மத்தியானம் அறையில் படுத்தபடி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீபகற்பத்தில் அதிக மழை பெய்யும் ஊர் தைப்பிங். வருஷத்துக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர். திருச்சிக்குக் கிடைப்பது அதில் கால் பங்குகூட இல்லை. ஊரை ஒட்டி 1,250 மீட்டர் உயரத்தில் புக்கிட் லாரூட் நிற்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று காலையெல்லாம் சூடாகி மேலே ஏறி மலையில் மோதும், மத்தியானத்துக்கு மேல் கொட்டிவிடும். மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். இன்று நானும் அக்காவும் கட்டினோம். நான் நாலு என்றேன், அவள் மூன்றரை. மூன்று நாற்பதுக்கு வந்தது. இரவுச் சாப்பாடு என் செலவு.

மழை முக்கால் மணி நேரம். அதன் பிறகு ஊர் கழுவி வைத்ததுபோல ஆகிவிடுகிறது, வெக்கையும் கொஞ்சம் இறங்குகிறது. வெப்பமண்டல மழையைக் கண்டு திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. அது விட்டதும் கிளம்பினால் அந்த நாளின் நல்ல நேரம் கையில் கிடைக்கும்.

ஞாயிறு, கோலா செப்பெத்தாங்

தைப்பிங்கிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் போல. பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில்பாதை 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்கிலிருந்து இந்தத் துறைமுகத்துக்குத்தான் திறக்கப்பட்டது, வெள்ளீயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோக. பாதை போட வந்தவர்கள் இலங்கைப் பயனியர் படையினர். பின்னாளில் மலாயா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் வேலையெல்லாம் யாழ்ப்பாணத் தமிழர்கள் கையில் இருந்தது. தண்டவாளம் இப்போது கிடையாது. ஸ்டேஷன் பெயர்ப்பலகை மட்டும் ஒரு காபிக் கடை முன்னால் நிற்கிறது, தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். அக்கா அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். நோட்டில் இல்லாத இடம் என்று அவளே சொன்னாள்.

இங்கே அலையாத்திக் காடுதான் பிழைப்பு. மாத்தாங் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். நூறு வருஷத்துக்கு மேலாகப் பகுதி பகுதியாகப் பிரித்து, முப்பது வருஷத்துக்கு ஒரு சுற்று என்று வெட்டி, மறுபடி நட்டு வருகிறார்கள். வெட்டிய மரத்தைக் கரியாக்கும் சூளைகளைப் பார்க்கலாம். செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கவிழ்த்த கிண்ணம் போன்ற குடிசைகள், ஆள் நிமிர்ந்து உள்ளே போகலாம். விறகை நட்டுக்குத்தாக அடுக்கி, வாசலை மூடிச் சிறு துவாரம் மட்டும் விட்டு, அங்கே தீ போடுகிறார்கள். விறகு எரிவதில்லை, சூட்டில் அதன் ஈரம் வாரக்கணக்கில் வெளியேறுகிறது. போட்ட எடையில் கால் பங்குதான் கரியாகத் திரும்பும். சூளைக்காரர் கையில் வெப்பமானி கிடையாது. வெளியே வரும் புகையின் நிறத்தையும் வாசனையையும் வைத்தே எந்தக் கட்டம் என்று சொல்கிறார். அந்தக் கொட்டகைக்குள் நான் கால் மணி நேரம் நின்றிருப்பேன். அவர் ஆயுள் முழுக்க நின்றிருக்கிறார், முகத்தில் ஒரு துளி வேர்வையைக் காணோம்.

அங்கிருந்து படகு. ஆற்று முகத்துவாரத்தில் செம்பருந்துகள் கூட்டமாக வட்டமிட்டன. எங்கள் ஊரில் ஒரு கருடன் தெரிந்தாலே கன்னத்தில் போட்டுக்கொள்வோம். இங்கே எண்ணிக்கை கட்டுக்குள் அடங்கவில்லை. அக்கா முதல் ஏழெட்டுக்குப் போட்டுக்கொண்டு, அப்புறம் மொத்தமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டாள்.

திங்கள், பினாங்கு

தைப்பிங்கிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். வழியில் புக்கிட் மேரா ஏரியின் நடுவே தண்டவாளம் போகிறது, இரு பக்கமும் தண்ணீர். பட்டர்வொர்த் ஸ்டேஷனிலிருந்து ஃபெர்ரிக்கு மேல்பாலம் வழியாக நடந்தே போய்விடலாம். பாலம் இரண்டு இருக்கிறது, கார்க்காரர்கள் அதில் போகட்டும். படகில் பத்துப் பதினைந்து நிமிஷம் கடல் காற்று கிடைக்கும்.

இன்று வேறு ஒன்றும் செய்யவில்லை. மாலையில் கடற்கரைத் திடலில் உட்கார்ந்திருந்தோம். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடம், கார்ன்வாலிஸ் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. எட்டு மணிக்குத்தான் இருட்டியது.

செவ்வாய், ஜார்ஜ் டவுன்

பினாங்கின் தலைநகர், 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்த ஊர். பார்க்க வேண்டியதெல்லாம் நெருங்கி நெருங்கி இருக்கிறது, ஒரு தெருவிலேயே மூன்று மதம். குயீன் தெருவில் மகா மாரியம்மன் கோயில், 1833இல் எழுந்தது. இரண்டு தெரு தள்ளி கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801இல் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் தொடங்கியது. அவர்களைக் குறிக்கும் சூலியா என்ற பெயரில் ஒரு நீண்ட தெரு. நடுவில் சீனர்களின் கருணைத் தேவி கோயில், ஊதுபத்திப் புகை. தமிழ்ப் பாட்டு சத்தமாக ஒலிக்கும் மார்க்கெட் தெருவில் அக்கா முதல் தடவையாக நோட்டை மறந்தாள். புடவை விலை கேட்கத் தொடங்கிவிட்டாள், அதுவும் திருச்சியிலிருந்து வந்து!

வெயிலைப் பற்றிப் பேசுகிறேன் அல்லவா, இந்த ஊரைக் கட்டியவர்களும் அதைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார்கள். கடைவீடுகளின் முன்னால் கூரைக்கு அடியில் ஐந்தடி அகலத்துக்கு நடைவழி. மலாயில் காக்கி லீமா. ஒரு கடையின் நடைவழி அடுத்த கடையின் நடைவழியோடு சேர, தெரு நெடுக நிழல். வெயிலானாலும் மழையானாலும் குடை விரிக்காமல் போகலாம் என்பது ஏற்பாடு. நடைமுறையில் ஒருவர் அங்கே மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார், இன்னொருவர் அடுப்பு வைத்திருப்பார், மூன்றாவது கடைக்காரர் சுவரே எழுப்பியிருப்பார். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பத்து மணிக்குள் முழங்கால் வலித்தது.

மத்தியான விதிக்கு இன்று ஒரு விலக்கு. சியோங் ஃபாட் ட்சே என்ற ஹக்கா வணிகரின் நீல மாளிகைக்குள் உச்சிப்பொழுதில் போனோம், வழிகாட்டியோடு. 38 அறை, ஐந்து முற்றம், 220 ஜன்னல். சுண்ணாம்போடு அவுரி நீலம் கலந்து பூசிய சுவர். குளிர்சாதனம் இல்லாத நடுக்கூடத்தில் நின்றால் காற்று அசைவது தெரிகிறது. சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே போக, நிழலான அறைகளிலிருந்து குளிர்ந்த காற்று கீழே வருகிறது. முற்றத்தில் விழும் மழைநீர் கல்தரைக்கு அடியில் ஓடி வடிகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும், சிமென்ட் பூசினால் அது நடக்காது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லாமலே புரியும். நம் இப்போதைய வீடுகளில்தான் முற்றத்தை மூடிவிட்டு ஏசி மாட்டிக்கொண்டோம்.

இரவு நாசி கண்டார். காவடித்தண்டின் இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம்கள் தெருத்தெருவாகத் தூக்கி விற்றது. இன்று கடையில் வரிசையில் நின்று வாங்க வேண்டும். நாலைந்து குழம்பை ஒன்றாக ஊற்றச் சொல்ல வேண்டுமானால் "பஞ்சிர்" என்றால் போதும், சோறு மிதக்கும். ஒரு நிபந்தனை: இதை மத்தியானம் சாப்பிட்டால் அன்று மாலை எழுந்திருக்க முடியாது.

புதன், பினாங்கு

ஓய்வு. துணிகளை சலவைக் கடையில் போட்டோம், கிலோ கணக்கில் வாங்குகிறார்கள், மாலையே கிடைத்துவிட்டது. இந்த ஈரத்தில் அறைக்குள் துவைத்துக் காயப்போடுவது வீண் வேலை.

சாயங்காலம் அக்கா தண்ணீர்மலை முருகனைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள். ஐந்நூறுக்கு மேல் படி. ஆறு மணிக்குத் தொடங்கி ஏறினாள். நான் கீழேயே இருந்து செருப்பைப் பார்த்துக்கொண்டேன். பக்கத்திலேயே நகரத்தார் கோயில், 1857இல் கட்டியது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இங்கேதான் வந்து சேரும். அக்கா இறங்கி வந்தபோது கையில் திருநீறு, முகம் சிவந்திருந்தது. ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கலந்து கொடுத்தேன். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் தலைவலிதான் மிஞ்சும், வேர்வையில் போன உப்பும் திரும்ப வேண்டும்.

வியாழன், பினாங்கு மலை

இருட்டிலேயே எழுந்து போனோம். மலை ரயில் ஆறரைக்கே தொடங்கிவிடுகிறது. இழுவை ரயில் முதலில் ஓடியது 1923இல். அதற்கு முன் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்று கட்டி அது ஓடவே இல்லை. இப்போதுள்ள பெட்டிகள் 2011இல் வந்தவை. முன்பு பாதி வழியில் இறங்கி வேறு பெட்டி மாறுவார்கள், இப்போது நேராகப் போகிறது.

மேலே ஐந்து டிகிரி போலக் குறைவு. கொஞ்சம்தான், ஆனால் தோலுக்கு உடனே தெரிகிறது. ஆங்கிலேயர்கள் ஏன் மலையைத் தேடி ஓடினார்கள் என்று விளங்கிவிட்டது. கீழே ஊர், நீரிணை, இரண்டு பாலம், எல்லாம் மெல்லிய வெண்மையில். ஒன்பதுக்கு மேல் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் வந்தது, நாங்கள் இறங்கிவிட்டோம். விடுமுறை நாளில் பத்து மணிக்குப் போய்க் கீழே வெயிலில் வரிசை நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

மத்தியானம் தூக்கத்துக்கு முன் ஒரு கிண்ணம் செண்டோல். பச்சை மாவுச் சேவை, தேங்காய்ப்பால், பனைவெல்லம், சீவிய ஐஸ். அக்கா இரண்டு சாப்பிட்டாள், வெல்லத்தில் கருப்பட்டி வாசம் இருக்கிறதாம்.

வெள்ளி, பாலிக் புலாவ்

மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் புலாவ். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். கிராமம், நெல் வயல், மலைச்சரிவில் டுரியான் தோட்டங்கள். பினாங்கில் பழத்தைப் பறிப்பதில்லை. தானாக உதிரும் வரை காத்திருந்து, கீழே கட்டிய வலையிலிருந்து எடுக்கிறார்கள். அதனால் அன்றன்றே சாப்பிட்டுவிட வேண்டும். பெயர் பெற்றது 'சிவப்பு இறால்' என்ற ரகம், சதை ஆரஞ்சு கலந்த நிறம். முள்ளை விலக்கி ஒரே வெட்டில் பிளந்து கொடுத்தார் தோட்டக்காரர்.

அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "கேஸ் லீக் ஆகுதுடி" என்றாள். ஒரு சுளை வாயில் போட்டாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் அடுத்ததை எடுத்தாள். இனிப்பு முடிந்த இடத்தில் லேசான கசப்பு, வெண்ணெய் போன்ற சதை. டுரியான் உடம்புக்குச் சூடு என்பது இங்கேயும் எல்லா இனத்தாருக்கும் பாடம். அதற்கு மாற்றாக மங்குஸ்தான் சாப்பிட வேண்டும், டுரியான் தோலின் குழியில் உப்புத் தண்ணீர் விட்டுக் குடிக்க வேண்டும். இரண்டையும் செய்தோம். பழத்தை அறைக்குக் கொண்டுபோக முடியாது, ஹோட்டல் வாசலிலேயே டுரியான் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

அங்கேயே ஜாதிக்காய். நம் வீட்டில் கொட்டையைத்தான் தெரியும். இங்கே மேலேயுள்ள சதையை ஊறப்போட்டு விற்கிறார்கள், சாறு பிழிந்து ஐஸ் போட்டும் கொடுக்கிறார்கள். புளிப்பும் வாசனையுமாக, இந்த வெயிலுக்கு இதைவிட நல்ல பானம் நான் குடித்ததில்லை. அக்கா வீட்டுக்கென்று நாலு பாட்டில் ஜாதிக்காய் சர்பத் வாங்கினாள். நாளை விமானம், எங்களிடம் இருப்பது கைப்பை டிக்கெட் மட்டும், 100 மில்லிக்கு மேல் திரவத்தை விடமாட்டார்கள் என்றேன். "முன்னாலேயே சொல்லக் கூடாதாடி?" என்று கேட்டுவிட்டு, இப்போது செயலியில் பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறாள். பதினைந்து கிலோ எடுத்தாயிற்று, பாட்டில் நாலு கிலோதான். மீதிக்கு நாளைக் காலை ஏழு மணிக்கு மார்க்கெட் தெரு திறந்திருக்குமா என்று கேட்கிறாள். பத்துக்கு மேல்தான் திறப்பார்கள். பத்தரைக்குள் வாங்கிவிட்டுப் பதினொன்றுக்குள் அறைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.